வாரத்தில் காணாமல் போகும் ஒரு நாள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு பகல் எந்நேரமும் ஒரு செவிலியராவது இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அங்கே மூன்று பேரை நியமிக்கிறோம். ஒருவர் வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் 48 மணி நேரம். மூவரும் சேர்ந்தால் 144. மிச்சம் 24 மணி நேரம், அதாவது முழுதாக ஒரு நாள், கணக்குப்படி அங்கே ஆளே கிடையாது. மூவரில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யார் வீட்டிலும் நல்லது கெட்டது நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் நிலை.

இந்தக் கணக்கை ஆண்டுக்கு நீட்டிப் பார்க்கலாம். 365 நாளில் வார ஓய்வு 52 போகும். தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30 என்று கழித்தால் ஒரு செவிலியர் உண்மையில் பணிக்கு வரக்கூடிய நாள்கள் 271. எட்டு மணி நேர வீதம் 2,168 மணி நேரம். ஆண்டின் மொத்த நேரமோ 8,760. ஒரு நாற்காலியில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் நான்கு பேர் வேண்டும். நான்கு பேரும் மயிரிழையில் போதாமல் போவார்கள். மூன்று பேரை வைத்து ஓட்டினால் ஆண்டுக்கு 2,256 மணி நேரம், அதாவது 94 முழு நாள்கள், துண்டு விழும். மூவரில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பதை வாசகரே போட்டுப் பார்க்கலாம். அரசு ஊழியருக்கு அந்த விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதமாகத் தமிழ்நாடு உயர்த்தியிருக்கிறது. அது நல்ல முடிவு. ஆனால் விடுப்பில் போனவரின் இடத்துக்கு ஆள் தரும் ஏற்பாடு அந்த முடிவோடு சேர்ந்து வரவில்லை.

அந்த 94 நாளை யார் நிரப்புகிறார்கள்? அதே மூன்று பேர்தான். வார ஓய்வை விட்டுக்கொடுத்து, இரவு முடித்த கையோடு காலை வேலையையும் பார்த்து, காய்ச்சலோடு வந்து. செவிலியர் பற்றாக்குறை குறித்து நாட்டில் எவ்வளவோ பேசப்படுகிறது. இந்தப் பற்றாக்குறையை நம் நிர்வாகம் செவிலியரின் உடம்பில் இருந்தே கடன் வாங்கிச் சரிக்கட்டுகிறது என்பது மட்டும் எந்த அறிக்கையிலும் நேராகச் சொல்லப்படுவதில்லை.

கிராமத்து நிலையங்களுக்குத் தலா மூன்று செவிலியர் என்ற ஏற்பாட்டைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. 2000களின் நடுவில் தமிழ்நாடு அதைச் செய்தபோது பிற மாநிலங்கள் வியந்து பார்த்தன. அதுவரை மாலையில் பூட்டிக்கொண்டு போன நிலையங்களில் நள்ளிரவிலும் பிரசவம் பார்க்க முடிந்தது. பேறுகால மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு முன்னணிக்கு வந்த கதையில் அந்த மூன்று செவிலியருக்குப் பெரிய பங்கு உண்டு. மூன்று என்பது தொடக்கமாக இருந்திருக்க வேண்டும். அதையே பல இடங்களில் முடிவாக்கிவிட்டோம்.

திருவண்ணாமலை இந்தக் கணக்கை வேறெந்த ஊரையும் விடக் கூர்மையாகக் காட்டுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,45,278. மாவட்டத்தின் மக்கள்தொகை 24 லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேல். இந்த எண்ணிக்கைக்குத்தான் படுக்கையும் பணியிடமும் திட்டமிடப்படுகின்றன. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் ஊரின் மக்கள்தொகை பல மடங்காகிறது. சில ஆண்டுகளாக ஆந்திரம், தெலங்கானாவில் இருந்து வருவோர் வெகுவாகக் கூடியிருக்கிறார்கள். கொப்புளம், மயக்கம், வாந்தி பேதி ஆகியவை பாதையோர முகாமிலேயே முடிந்துவிடும். விரதம் என்று சாப்பிடாமல் நடந்து சர்க்கரை இறங்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், நெரிசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டி ஆகியோர் 108 ஆம்புலன்சில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவார்கள். அங்கே ஏற்கெனவே செங்கத்தில் இருந்தும் கலசபாக்கத்தில் இருந்தும் வந்த நோயாளிகள் படுத்திருப்பார்கள்.

ஒரு சங்கதி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் கணக்கில் வராத ஒரு செவிலியர் ஒவ்வொரு படுக்கைக்கும் உண்டு. அவர்தான் அட்டெண்டர், நோயாளியின் தாயோ மனைவியோ. ‘டிரிப் முடியப் போகுதுன்னா வந்து சொல்லுங்கம்மா’ என்று சிஸ்டர் சொல்லிவிட்டுப் போவார். அந்த அம்மா கண் கொட்டாமல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பது பேருக்கு ஒருவர் என்ற நிலையில் வார்டு நடப்பதே இந்த அம்மாக்களால்தான். ஆனால் கிரிவலம் வந்து மயங்கி விழுந்த கர்நூல்காரருக்கு அட்டெண்டர் இல்லை. அவர் பேசும் மொழியும் வார்டில் பாதிப் பேருக்குப் புரியாது. பாதையோரத்தில் காலம் தள்ளும் சாதுக்கள், வீட்டார் கைவிட்டுப் போன முதியவர்கள் ஆகியோருக்கும் யாரும் இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் பணியில் இருப்பவர் தலையில்தான். ஆகவே திருவண்ணாமலையில் ஒரு நோயாளிக்கான செவிலியர் வேலை, அதே படுக்கை எண்ணிக்கை உள்ள வேறோர் ஊரைவிடக் கூடுதல். படுக்கையை மட்டும் எண்ணும் விதிமுறை இதை அறியாது.

விதிமுறை என்ன சொல்கிறது? இந்திய நர்சிங் கவுன்சில், கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டுக்கு மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்று வகுத்திருக்கிறது. இதை வைத்து ‘ஒருவர் மூன்றே நோயாளியைத்தானே பார்க்கிறார்’ என்று பேசுவோர் உண்டு. அது தவறு. மூன்றுக்கு ஒன்று என்பது மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து. ஒரு ஷிப்டில் அது ஒன்பது நோயாளிக்கு ஒருவர் என்றாகும். அதற்கு மேல் 30 சதவீதம் விடுப்புக்கான இருப்பு வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. 30 படுக்கை வார்டுக்குப் பத்து பேர், இருப்பாக மூன்று பேர், ஆக 13. மேலே நாம் போட்ட கணக்கில் ஒரு ஷிப்டில் ஒரு இடத்துக்கு ஆண்டு முழுதும் ஆள் வைக்க 365-ஐ 271-ஆல் வகுத்து 1.35 ஆள் தேவைப்பட்டது. கவுன்சிலின் 30 சதவீதம் சும்மா வந்ததில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் பணியிடம் உருவாக்கும் கோப்பில் முதலில் வெட்டப்படுவது இந்த இருப்புதான். ‘சும்மா இருக்கும் ஆள்’ என்று நிதித் துறைக்குத் தோன்றுகிறது. அந்த மூன்று பேர் இல்லாத வார்டில் யாரோ ஒருவர் எப்போதும் இரட்டை டூட்டி பார்த்துக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 செவிலியர் அறிக்கைப்படி உலகில் 2.98 கோடி செவிலியர் இருக்கிறார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. பணக்கார நாடுகள் அந்தக் குறையை நம்மைப் போன்ற நாடுகளில் இருந்து ஆள் எடுத்து நிரப்புகின்றன. தமிழ்நாட்டுக்குள் சிக்கல் வேறு மாதிரியானது. இங்கே படித்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. மாநிலம் எங்கும் செவிலியர் கல்லூரிகள் இருக்கின்றன. பட்டயமோ பட்டமோ முடித்து, மாநிலக் கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு வேலைக்குக் காத்திருப்போர் ஏராளம். அரசின் சொந்த நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியரை அனுப்புகிறது. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடனை அடைக்க, தம்பியைப் படிக்க வைக்கப் போகிறார்கள். ஒரு பக்கம் வேலை தேடும் செவிலியர், மறுபக்கம் செவிலியர் இல்லாத வார்டு. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது அதை ஆள் பற்றாக்குறை என்று சொல்வது சரியில்லை. பணியிடமும், பணியில் இருக்க வைக்கும் மனமும்தான் குறைவு.

2012இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வாணையம், எம்.ஆர்.பி., 2015இல் தேர்வு வைத்து 7,000க்கும் மேற்பட்ட செவிலியரை எடுத்தது. சம்பளம் மாதம் 7,700 ரூபாய், தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். பச்சைக் குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு பணிக்குத் திரும்பினார்கள். அதன் பின் தொகுப்பூதியம் 14,000 ஆனது, 2023இல் 18,000 ஆனது. அப்போதும் அது நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. இருவருக்கும் ஒரே வார்டு, ஒரே ஊசி, ஒரே நோயாளி. கொரோனாவின்போது 2020இல் ஆறு மாத ஒப்பந்தம் என்று அழைக்கப்பட்டவர்கள் பிபிஇ உடையில் மணிக்கணக்கில் நின்று பணியாற்றினார்கள். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோரின் பணி முடித்துவைக்கப்பட்டது. பிறகு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் வழியாக மாற்று வேலை தருவதாக அரசு அறிவித்தது. ஒப்பந்தச் செவிலியருக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் பெற வேண்டியிருந்தது. மகப்பேறு வார்டில் வேலை பார்க்கும் பெண் தன் பிரசவத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்ததை நிர்வாகத் தோல்வி என்றே சொல்வேன்.

நிதி இல்லாததால் ஒப்பந்தம் என்பது அரசின் வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மாநிலத்தின் கடன் சுமை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒப்பந்த முறை பணத்தை மிச்சப்படுத்துகிறதா என்பதே கேள்வி. ஐ.சி.யூ. வேலை பழக ஒரு செவிலியருக்கு மாதக்கணக்காகும். வென்டிலேட்டர் அலாரத்தில் எது அவசரம் என்று காதால் பிரித்தறிய இன்னும் கொஞ்ச காலம். அப்படிப் பழகியவர் ஜெர்மனிக்கோ துபாய்க்கோ போனதும் புதியவருக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த இடைவெளியில் தவறும் ஊசியும், கவனிக்கப்படாமல் வரும் படுக்கைப் புண்ணும், நீளும் அனுமதி நாள்களும் எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராது.

அதைக் கணக்கில் கொண்டுவந்தவர்கள் உண்டு. 2002இல் லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனிய மருத்துவமனைகளில் ஆய்ந்து, ஒரு செவிலியருக்குக் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை நோயாளிகள் 30 நாளில் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதைக் காட்டியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலும் ஏறத்தாழ அதே 7 சதவீதம் வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டமாக்கியது. அதன் விளைவை 2021இல் லான்செட் இதழ் வெளியிட்டது: கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கு மேல், மறு அனுமதியும் படுக்கை நாளும் குறைந்ததால் மிச்சமானது. நாற்பதில் இருந்து ஒன்பதுக்கு இறங்கவே தவிக்கும் நமக்கு நான்கும் ஏழும் கனவுதான். ஆனாலும் செவிலியர் நியமனம் செலவு மட்டும் இல்லை, வரவும்கூட என்று அங்கே கணக்கு எழுதி நிரூபித்துவிட்டார்கள். இங்கே அப்படியொரு கணக்கைத் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரியே எழுதலாம். சமூக மருத்துவத் துறையும் இருக்கிறது, பதிவேடுகளும் இருக்கின்றன.

இனி வார்டுக்குள் வருவோம். பணியிடம் உருவாக்குவது கோட்டையின் வேலை. இருக்கும் ஆளை எப்படி நடத்துவது என்பது மருத்துவமனையின் வேலை, அங்கேதான் தலைமை என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது.

ஒரு வார்டின் டூட்டி லிஸ்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீளமான நோட்டு. இடதுபுறம் பெயர்கள், மேலே தேதிகள். கட்டங்களுக்குள் எம், ஈ, என், ஓ. அதாவது காலை, மாலை, இரவு, ஓய்வு. பென்சிலில் எழுதியிருக்கும். எந்தெந்தக் கட்டத்தில் காகிதம் ரப்பரால் தேய்ந்து மெலிந்திருக்கிறது என்று பார்த்தாலே வார்டின் நிலை விளங்கிவிடும். 12 மணி நேர நைட் முடித்தவருக்கு மறுநாள் ‘ஓ’ போட்டிருந்ததை அழித்து ‘ஈ’ என்று மாற்றியிருப்பார்கள். அப்படி அழிபடும் வரிசை பெரும்பாலும் யாருடையது? புதிதாக வந்த, ஒப்பந்தத்தில் இருக்கும், கல்யாணம் ஆகாத, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்ணுடையது. மறுக்க மாட்டாள் என்பது தெரியும். ஆண்டுக் கடைசியில் வேலையை விட்டுப் போகிறவளும் அவளாகத்தான் இருப்பாள்.

அந்த லிஸ்டைப் போடும் தலைமைச் செவிலியரை மட்டும் குறை சொல்வது அநியாயம். அவர் கையில் என்ன இருக்கிறது? ஆள் எடுப்பது எம்.ஆர்.பி. இடமாற்றம் இயக்குநரகத்தின் கவுன்சலிங்கில். மாற்றுப்பணி உத்தரவு எங்கிருந்தோ வரும். இதற்குள் மூன்று இயக்குநரகங்கள்: கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்விக்கு, செய்யாறு, ஆரணி, போளூர் போன்ற மருத்துவமனைகள் மருத்துவப் பணிகளுக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறைக்கு. பொது சுகாதாரத் துறைக்கு மாவட்டமே திருவண்ணாமலை, செய்யாறு என்று இரண்டு. மூன்று துறைச் செவிலியரும் ஒரே மாவட்டத்து மக்களைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களை ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் மேசை எதுவும் மாவட்டத்தில் இல்லை.

தீபத்துக்கு முகாம் போட ஆள் வேண்டும் என்றதும் கிராமத்து நிலையங்களில் இருந்து செவிலியர் இரவல் எடுக்கப்படுகிறார்கள். நாம் முதலில் போட்ட கணக்கில் ஏற்கெனவே ஒரு நாள் குறையும் நிலையங்கள் இவை. கிரிவலப் பாதையில் ஒரு முகாம் சிறப்பாக நடக்கும் அதே இரவில் தண்டராம்பட்டுப் பக்கமோ ஜமுனாமரத்தூரிலோ ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுக்கலாம். முகாமின் எண்ணிக்கை செய்திக்குறிப்பில் வரும். இரவல் கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்பது எதிலும் வராது.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது ஒன்றுண்டு. மருத்துவமனைகளுக்குக் கூட்டம் எப்போது வரும் என்று தெரியாமல் உலகம் தவிக்கிறது. திருவண்ணாமலைக்கு அந்தத் தவிப்பே தேவையில்லை. அடுத்த ஆண்டின் பௌர்ணமிகள், தீபத் திருநாள், எந்தப் பௌர்ணமி விடுமுறை நாளில் விழுகிறது, எல்லாம் பஞ்சாங்கத்தில் அச்சாகியிருக்கின்றன. 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்களே, அப்படிப்பட்ட இடரை யாரும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீபத்தைச் சொல்ல முடியும். நாள் தெரிந்த கூட்டத்தையே இரவல் ஆளை வைத்துச் சமாளித்தால், நாள் தெரியாத இடர் வரும்போது இரவல் கேட்கவும் ஆள் இருக்காது.

செய்ய வேண்டியது கடினமான காரியம் இல்லை. விடுப்பு இருப்பு என்று விதியில் உள்ள 30 சதவீதத்தை வார்டு வார்டாகப் பிரித்துக் கரைத்துவிடாமல், அதில் ஒரு பகுதியை மாவட்ட அளவிலான நிவாரணக் குழுவாக வைக்கலாம். சாதாரண நாளில் மகப்பேறு விடுப்பும் நீண்ட விடுப்பும் உள்ள நிலையங்களுக்கு அவர்கள் போவார்கள். பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் நகரத்துக்கு வருவார்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணி, போக்குவரத்து, தங்குமிடம், ஒரு சிறப்புப் படி. ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் நாட்காட்டி முடிவாகிவிடும். மூன்று இயக்குநரகங்களும் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் ஒரே சிக்கல். மாவட்ட ஆட்சியர் முன்னின்றால் அதுவும் நடக்கும். தீபத்துக்குக் காவல் துறை பல மாவட்டங்களில் இருந்து ஆளைத் திரட்டித் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பும் ஏற்பாடு ஆண்டுதோறும் அதே ஊரில்தானே நடக்கிறது?

அமெரிக்காவில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கடும் செவிலியர் தட்டுப்பாடு. அப்போது சில மருத்துவமனைகளை விட்டு மட்டும் செவிலியர் போகவில்லை. ஏன் என்று அங்குள்ள நர்சிங் அகாடமி 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1983இல் அறிக்கை வெளியிட்டது. சம்பளம் மட்டும் காரணம் இல்லை. அதையும் தாண்டிச் செவிலியர் தலைவருக்கு நிர்வாகத்தின் உயர் மேசையில் இடம் இருந்தது, பணிநேரத்தில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது, நோயாளி பராமரிப்பில் தாங்களே முடிவெடுக்கும் உரிமை இருந்தது. இதற்குக் கடல் கடந்து போகவும் தேவையில்லை. பக்கத்து வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946இல் நாட்டின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளில் ஒன்று அங்கே வந்தது. கற்பிக்கும் ஆசிரியரே வார்டின் பொறுப்பும் ஏற்பது சி.எம்.சி.யின் வழக்கம். வகுப்பில் சொல்வதும் வார்டில் செய்வதும் ஒருவரே என்பதால், புதிதாக வரும் பெண் முதல் நைட்டில் தனியாகத் தத்தளிப்பதில்லை. அங்கிருந்தும் வெளிநாடு போகிறார்கள், நிறையவே போகிறார்கள். ஆனால் யார் வந்தாலும் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு நிற்கிறது. நம் அரசுக் கல்லூரி மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டுக்குப் படுக்கையை மூடவும், கூடுதல் ஆள் கேட்கவும், மாற்றுப்பணி உத்தரவை மறுக்கவும் எழுத்துபூர்வ அதிகாரம் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் உறுதியான எண்ணம். இன்று அவருக்கு இருப்பது பொறுப்பு மட்டும்.

செவிலியர் வேலை இல்லாத வேலையைச் செவிலியரிடமிருந்து எடுப்பதும் ஆள் சேர்ப்பதற்குச் சமம். ரத்த வங்கிக்கு ஓடுவது, இண்டென்ட் எழுதி மருந்துக் கிடங்கில் நிற்பது, காப்பீட்டுப் படிவம், இணையத்தில் பதிவேற்றம். 12 மணி நேர நைட்டில் 720 நிமிடம். நாற்பது நோயாளி என்றால் ஆளுக்கு 18 நிமிடம். அதில் படிவம் எத்தனை நிமிடம் தின்கிறது என்று ஒரு வாரம் அளந்து பார்த்தால் போதும், ஒரு டேட்டா என்ட்ரி ஆளின் சம்பளம் எவ்வளவு மலிவு என்பது விளங்கும்.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி இரண்டு வரி. உச்ச நீதிமன்றம் 2016இல் அமைக்கச் சொன்ன குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் சங்கம் கட்டிப் போராடி 2018இல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பெற்றார்கள். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் அந்தப் பேச்சே எடுபடவில்லை. பல இடங்களில் வெள்ளை உடை போட்ட பிள்ளைகள் பயிற்சி பெற்ற செவிலியர்தானா என்று நோயாளி கேட்பதும் இல்லை.

ஜவ்வாது மலையின் கதை தனி. ஜமுனாமரத்தூருக்குப் பணி ஆணை வந்தால், வாங்கியவர் அன்றே இடமாற்றத்துக்கு மனு எழுதத் தொடங்குகிறார். பேருந்து குறைவு, குடியிருப்பு சரியில்லை, பிள்ளைக்குப் பள்ளி இல்லை. அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் மருத்துவத் தம்பதி ரெஜியும் லலிதாவும் 1993இல் தொடங்கிய பழங்குடி நல அமைப்பு வேறு வழியில் போயிற்று. மலைக்கு ஆள் அனுப்புவதை விட்டு, மலைப் பெண்களையே எடுத்துச் செவிலியர் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். பிரசவம் பார்ப்பதும் அறுவை அரங்கில் உதவுவதும் அந்தப் பெண்கள்தான். அவர்களுக்கு இடமாற்ற மனு எழுதும் தேவையே இல்லை, வீடே அங்கேதான். உள்ளூரில் பிறந்தவர் உள்ளூரில் நிலைப்பார் என்பதை உலக சுகாதார நிறுவனமும் தன் ஊரகப் பணியாளர் வழிகாட்டலில் வலியுறுத்துகிறது. திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய செவிலியர் படிப்பில் ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு ஆண்டுக்குச் சில இடங்களை ஒதுக்கி, விடுதியும் படிப்புச் செலவும் கொடுத்து, முடித்ததும் மலையிலேயே நிரந்தரப் பணி என்று உறுதி தந்தால், பத்தே ஆண்டில் அந்த மலைக்கு இரவல் ஆள் தேவைப்படாது.

இத்தனைக்கும் முன்னால், காசு அதிகம் ஆகாத ஒன்றை நாளையே செய்யலாம். இங்கிலாந்தில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் கவனிப்பின்றி நோயாளிகள் பட்ட பாட்டை விசாரித்த அறிக்கை 2013இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை செவிலியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வார்டு வாசலில் எழுதிவைக்கும் வழக்கம் அங்கே வந்தது. திருவண்ணாமலை மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டு வாசலிலும் அப்படி ஒரு பலகை வேண்டும்: இன்று நோயாளிகள் இத்தனை, விதிப்படி செவிலியர் இத்தனை, பணியில் இருப்பவர் இத்தனை. சிஸ்டர் வர நேரமானதும் அவர் மேல் எரிந்து விழும் நோயாளியின் மகன் அதைப் படிப்பான். ஆய்வுக்கு வரும் அமைச்சரும் ஆட்சியரும் படிப்பார்கள். மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது அந்த மூன்று எண்களை எழுதிக்கொண்டு போய் அவையில் கேட்கட்டும். அவரைக் கேட்க வைக்கும் பொறுப்பு, வாக்குக் கேட்டு அவர் வரும் தெருவில் குடியிருக்கும் நமக்கு இருக்கிறது.